சிவப்புக் கயிறு கட்டிய ஹாலிவுட்

துணிமணி, பாத்திரம், பற்பசை என்று சகலமும் விற்கும் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், 2004 வாக்கில் ஒரு சிவப்புக் கயிற்றையும் விற்றது. சாதாரணக் கம்பளி நூல்தான். பெத்லகேமில் இருக்கும் விவிலியத்து ராகேலின் கல்லறையைச் சுற்றிக் கொண்டுவந்தது, இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் கண்ணேறு அண்டாது என்று சொல்லி விற்றார்கள். விலை ஏறத்தாழ 26 டாலர். திருஷ்டிக் கயிறு நமக்கொன்றும் புதிதல்ல. நம் கோயில் வாசலிலும் தர்கா வாசலிலும் இதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் இந்தக் கயிற்றைக் கட்டியிருந்த மணிக்கட்டுகள் வேறு ரகம். மடோனா, பிரிட்னி ஸ்பியர்ஸ், டெமி மூர், ஆஷ்டன் கட்சர், பாரிஸ் ஹில்டன், லிண்ட்சே லோஹன். கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் கையிலும் அது இருந்ததைப் படம் பிடித்துப் போட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் பிறப்பால் யூதர்கள் அல்லர். கயிற்றுக்குப் பின்னால் இருந்ததோ, யூத அறிஞர்களே தொடத் தயங்கிய நூல்கள்.

அந்த நூல்களின் மரபுக்குப் பெயர் கபாலா. யூதர்களின் மறைஞானம். கயிற்றுக்கும் அந்த மரபுக்கும் உள்ள உறவு மிக மெல்லியது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். மிஷ்னா என்ற சட்டத் தொகுப்புக்குத் துணையாகத் தொகுக்கப்பட்ட தொசெஃப்தா என்ற பழைய யூதச் சட்ட நூல், விரலில் சிவப்பு நூல் கட்டுவதை அந்நியரின் மூடவழக்கம் என்று விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. பாட்டிமார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறந்த குழந்தையின் கையில் சிவப்பு நூல் கட்டுவது யூத வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அந்த எளிய வழக்கம் 'பிரபஞ்சத்தின் ரகசியத் தொழில்நுட்பம்' ஆனதில்தான் கதை இருக்கிறது.

கபாலாவின் தலையாய நூல் ஸோஹர். 13-ம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியில், அராமிய மொழியில் வெளிப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டு ரபி ஷிமோன் பார் யோஹாய் அருளியது என்று பக்தர்கள் நம்புகிறார்கள். மோசே தெ லியோன் என்ற காஸ்தீல் அறிஞரின் கைவண்ணம் என்று 20-ம் நூற்றாண்டில் கெர்ஷோம் ஷோலெம் மொழிச் சான்றுகளோடு வாதிட்டார். தெ லியோனோடு ஒரு வட்டமே சேர்ந்து எழுதியிருக்கலாம் என்று அவருக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை விரட்டியது. அகதிகளாக அலைந்தவர்களில் சிலர் கலிலேயாவின் மலைநகரமான சஃபதில் குடியேறினார்கள். அங்கேதான் 1570-ல் ஐசக் லூரியா வந்து சேர்ந்தார். இரண்டே ஆண்டுகள் கற்பித்தார். 1572-ல் கொள்ளைநோயில் இறந்தபோது வயது 38. தன் கையால் அவர் எழுதியது மிகக் குறைவு. சீடர் ஹயீம் விதால்தான் எழுதிவைத்தார்.

லூரியாவின் படைப்புக் கதை அசாதாரணமானது. உலகுக்கு இடம் கொடுப்பதற்காக இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டான். ஒளியைத் தாங்க வைத்த கலங்கள் அதன் வேகம் தாளாமல் நொறுங்கின. ஒளிப்பொறிகள் சில்லுகளோடு சில்லாக உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு யூதன் ஒரு கட்டளையை முறையான மனக்குவிப்போடு நிறைவேற்றும்போது ஒரு பொறி விடுபட்டு மேலே ஏறுகிறது. உடைந்ததைச் சரிசெய்யும் வேலை இறைவனுடையது மட்டுமல்ல, மனிதனுடையதும்தான். ஊரையும் உறவையும் இழந்து நின்ற ஒரு சமூகத்துக்கு இந்தக் கதை எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். சிதறிக் கிடப்பது நாம் மட்டுமல்ல, இறைவனின் ஒளியும்தான் என்று அது சொன்னது.

இங்கே கவனிக்க வேண்டியது, பொறியை மேலேற்றுவது தியானம் மட்டுமல்ல, கட்டளையும்தான். ஓய்வுநாளில் தீ மூட்டாதிருப்பது, பாலையும் இறைச்சியையும் சேர்த்து உண்ணாதிருப்பது, ஏழைக்குக் கொடுப்பது, நாள்தோறும் தொழுவது என்று 613 கட்டளைகள் யூத வாழ்வைச் சுற்றி நிற்கின்றன. சஃபதின் ஞானிகள் இவற்றில் எதையும் தளர்த்தவில்லை, புதிதாகச் சேர்த்தார்கள். நள்ளிரவில் எழுந்து எருசலேமுக்காக அழுதார்கள். அன்றாட யூத நடத்தைக்கு இன்றுவரை கையேடாக இருக்கும் ஷுல்ஹான் ஆருக் என்ற சட்டத் தொகுப்பை எழுதிய யோசேப் காரோவும் அதே ஊரில் வாழ்ந்த மறைஞானிதான். சட்டமும் ஞானமும் ஒரே ஆளின் இரண்டு கைகளாக இருந்த இடம் அது.

இந்தக் கபாலாவை ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோனவர் ஃபிலிப் பெர்க். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், காப்பீடு விற்றவர். ரபியாகவும் பயிற்சி பெற்றவர். இயற்பெயர் ஷ்ரகா ஃபைவெல் குருபெர்கர். 1960-களில் இஸ்ரேலுக்குப் போய் யெஹூதா பிராண்ட்வைன் என்ற ரபியிடம் கபாலா பயின்றார். 1969-ல் ஆசிரியர் இறந்ததும் தன்னை அவருடைய வாரிசாக அறிவித்துக்கொண்டார். பிறகு மனைவி கேரனோடு சேர்ந்து கபாலா மையத்தை வளர்த்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் ராபர்ட்சன் சாலையில் இருந்த மையத்துக்கு 1990-களில் நடிகர்கள் வரத் தொடங்கினார்கள்.

மையம் சொன்ன செய்தி எளிமையானது. கபாலா ஒரு மதமே அல்ல; மதங்களுக்கெல்லாம் முந்தைய ஞானம், ஆன்மாவுக்கான தொழில்நுட்பம். யூதராக மாற வேண்டாம். எபிரேயம் தெரிய வேண்டாம். ஸோஹரை வாசிக்கக்கூட வேண்டாம், எழுத்துகளின் மேல் கண்ணை ஓட்டினால் போதும், அவற்றின் ஆற்றல் உள்ளே இறங்கிவிடும். யாத்திராகமத்தின் 14-ம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று வசனங்களுக்கு எபிரேயத்தில் தலா 72 எழுத்துகள். அவற்றை மூன்று மூன்றாகக் கோத்தால் கடவுளின் 72 பெயர்கள் கிடைக்கும் என்பது பழைய மரபு. மையம் அதை ஓர் அட்டவணையாக அச்சிட்டது. அகந்தை ஒழிய ஒரு பெயர், நோய் தீர ஒரு பெயர், பயம் போக ஒரு பெயர். பெர்க்கின் மகன் யெஹூதா இதைப் பற்றி எழுதிய புத்தகம் 2003-ல் வெளிவந்தது. ஸோஹரின் தொகுதிகள் சில நூறு டாலருக்கு விற்றன. மந்திரித்த தண்ணீரும் பாட்டிலில் கிடைத்தது.

மடோனா இந்த மையத்துக்கு வந்தது 1996 வாக்கில், முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது. அழைத்துவந்தவர் நகைச்சுவை நடிகை சாண்ட்ரா பெர்ன்ஹார்ட் என்கிறார்கள். 1998-ல் வெளிவந்த 'ரே ஆஃப் லைட்' இசைத்தொகுப்பில் கபாலாவின் சாயலும் இருந்தது, சமஸ்கிருதத்தில் பாடிய 'சாந்தி' பாடலும் இருந்தது. அதே ஆண்டு எம்.டி.வி. விருது விழா மேடையில் நெற்றியில் நாமம் தரித்து ஆடினார்; வைணவ அமைப்பு ஒன்று கண்டனம் தெரிவித்தது. நாமம் சீக்கிரம் அழிந்துவிட்டது. கபாலா தங்கியது. 2002-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகப் பாடிய பாடலின் காணொளியில், யூத ஆண்கள் காலைத் தொழுகையில் கையில் சுற்றிக்கொள்ளும் தெஃபிலின் தோல்வாரைச் சுற்றிக்கொண்டு மின்நாற்காலியில் அமர்ந்தார். தோளில் 72 பெயர்களில் ஒன்றின் மூன்று எபிரேய எழுத்துகள். அகந்தையை ஒழிக்கும் பெயராம். உலகம் முழுதும் தன் முகத்தைப் பார்க்கும் காணொளியில் அகந்தை ஒழிக்கும் எழுத்தைப் பச்சை குத்திக் காட்டுவதில் உள்ள முரண் அவருக்கு உறைத்ததா தெரியவில்லை.

2004-ல் எஸ்தர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். பாரசீக அரண்மனையில் தன் யூதப் பிறப்பை மறைத்து வாழ்ந்து, ஆபத்து வந்தபோது அதை வெளிப்படுத்தித் தன் மக்களைக் காப்பாற்றியவள் விவிலியத்து எஸ்தர். அந்த ஆண்டு யூதப் புத்தாண்டை ஒட்டி, மையத்தின் மாணவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரோடு மடோனா இஸ்ரேலுக்குப் போனார். பாலஸ்தீனர்களின் இரண்டாவது எழுச்சிக் காலம். குண்டுவெடிப்புகளுக்குப் பயந்து சுற்றுலாப் பயணிகள் வராமல் விடுதிகள் காற்றாடின. சுற்றுலாத் துறைக்கு உச்சி குளிர்ந்தது. ரபிகளின் முகம்தான் சுளித்தது.

ரபிகள் சொன்ன முதல் ஆட்சேபம் எல்லோரும் கேள்விப்பட்டதுதான்: நாற்பது வயதாகி, மணமாகி, தல்மூது என்ற சட்ட விவாத நூலில் கரைகண்ட ஆண்தான் கபாலாவைத் தொடலாம், பாட்டுக்காரிக்கு இங்கே என்ன வேலை? இந்த ஆட்சேபத்தில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. வயது வரம்புக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கபாலாவின் பேரில் மெசியாவாகக் கொண்டாடப்பட்ட சபதாய் ஸெவி 1666-ல் துருக்கி சுல்தானின் முன்னால் இஸ்லாத்தைத் தழுவியதும், அவரை நம்பி வீடு வாசலை விற்றவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்த நூற்றாண்டில் யாக்கோபு ஃபிராங்க் என்பவர் அதே தீயை மறுபடி மூட்டினார். சூடுபட்ட ரபிகள் 1756-ல் புரோடி நகரில் கூடி, முப்பது வயதுக்கு முன் ஸோஹரையும் நாற்பதுக்கு முன் லூரியாவின் போதனைகளையும் தொடக் கூடாது என்று விதித்தார்கள். ஆக, மரபென்று சொல்லப்படும் இந்த வேலி பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு நெருக்கடியில் போடப்பட்டது. இதன்படி பார்த்தால், 38 வயதில் இறந்த லூரியாவுக்கே லூரியாவைப் படிக்கத் தகுதி கிடையாது.

புனித நூலை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்ற இரண்டாவது ஆட்சேபமும் தடுமாறுகிறது. ஸோஹரின் பிறப்பிலேயே ஒரு வியாபாரக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1305-ல் ஏக்கர் நகரத்து ஐசக் என்ற கபாலா அறிஞர், ஸோஹரின் மூலச்சுவடியைப் பார்க்க ஸ்பெயினுக்குப் போகிறார். அவிலாவில் உள்ள என் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன் என்று சத்தியம் செய்த மோசே தெ லியோன், வீடு போய்ச் சேருமுன் வழியிலேயே இறந்துவிடுகிறார். மூலச்சுவடி கிடைத்தால் என் மகனுக்கு உங்கள் மகளைக் கட்டிவைக்கிறேன் என்று ஒரு பணக்காரர் அவருடைய விதவையிடம் தூது அனுப்புகிறார். விதவையின் பதில், அப்படி ஒரு சுவடியே இல்லை, என் கணவர் தன் மூளையிலிருந்துதான் எழுதினார் என்பது. ஏன் உங்கள் பெயரிலேயே எழுதவில்லை என்று தான் கேட்டதற்கு, என் பெயர் போட்டால் எவன் மதிப்பான், பழைய ரபி எழுதியது என்றால் நல்ல விலைக்கு வாங்குவார்கள் என்றாராம் கணவர். கேள்விவழிச் செய்தி, முழுதும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் யூதர்களே பாதுகாத்துவைத்த கதை இது.

போவஸ் ஹுஸ் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார். அசல் கபாலா, போலிக் கபாலா என்று பிரிக்கும் உரிமையைப் பேராசிரியர்களுக்கு யார் கொடுத்தது என்று 2005-ல் மடோனாவை முன்வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு காலமும் கபாலாவைத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டது, நம் காலம் நுகர்வுக் காலம், அதற்கேற்ற கபாலா பிறந்திருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் திறந்துவிட்டதும் காசு வாங்கியதும் குற்றமென்றால் கபாலாவைப் பாமரரிடம் கொண்டுபோன ஹசிதிய குருமார் முதல் சஃபத் கல்லறைக் காவலர்வரை யாரும் தப்ப முடியாது. அதற்காக எந்தத் திருத்தமும் இன்னொன்றுக்குச் சமம் என்று ஆகிவிடாது. சஃபதின் திருத்தம் மனிதன் மேல் பொறுப்பை ஏற்றியது. லாஸ் ஏஞ்சல்ஸின் திருத்தம் இறக்கிவைத்தது. கட்டளையை எடுத்துவிட்டுப் பொறியை மட்டும் விற்க முடியும் என்று நினைத்தது.

யூதரல்லாதவர் கபாலாவைத் தேடி வந்ததும் புதிதில்லை. பிக்கோ தெல்லா மிராந்தோலா என்ற இளம் இத்தாலியப் பிரபு 1486-ல் 900 கருத்துரைகளை வெளியிட்டு, கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மந்திரவித்தையையும் கபாலாவையும்போல வேறெந்த அறிவும் நிரூபிக்காது என்றார். அவருக்கு எபிரேய நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் மதம் மாறிய ஒரு யூதர். ஸோஹர் பிறந்த மண்ணிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. ஐரோப்பாவின் மேல்தட்டுக்கு யூத ரகசியம் இனித்தது, யூதன் கசந்தான். புத்தகத்தை வைத்துக்கொண்டு மனிதனை வெளியேற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிக்கோவைப் பின்பற்றிய ஜெர்மானியர் யோகான் ராய்க்லின் வேறு மாதிரி. பேரரசரின் யூத மருத்துவரிடம் உட்கார்ந்து எபிரேயத்தை இலக்கணத்தோடு கற்றார். யூத நூல்களைப் பறித்து அழிக்க வேண்டும் என்று மதம் மாறிய ஃபெஃபெர்கோர்ன் என்பவர் கிளம்பியபோது, பேரரசர் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். அழிக்கக் கூடாது என்று துணிந்து எழுதியவர் ராய்க்லின். மதவிரோதக் குற்றச்சாட்டு வந்தது. பத்தாண்டு வழக்கு. அதன் நடுவிலேதான், 1517-ல், கபாலாவைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். 1520-ல் ரோம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரும் கபாலாவைக் கிறிஸ்தவத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் பயன்படுத்தினார், யூதராகிவிடவில்லை. ஆனால் எந்த மக்களிடம் கற்றாரோ அந்த மக்களின் புத்தகங்களுக்கு நெருப்பு வந்தபோது நடுவில் போய் நின்றார். அந்நியர் ஒருவர் இன்னொருவர் ஞானத்தைத் தொடலாமா என்று என்னைக் கேட்டால், ராய்க்லினைப் போலத் தொடலாம் என்பேன்.

ஹாலிவுட்டிலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. சிவப்புக் கயிற்றுக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் முந்தைய ஹாலிவுட். பாடகரும் நடிகருமான சாமி டேவிஸ் ஜூனியர், 1954-ல் கார் விபத்தில் இடது கண்ணை இழந்தார். மருத்துவமனையில் தொடங்கிய தேடல் அவரை யூதத்துக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் படித்து, பிறகு முறைப்படி மதம் மாறினார். அதற்கு முன்பே, 'போர்கி அண்ட் பெஸ்' படப்பிடிப்பின்போது, பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் வேலை செய்ய மாட்டேன் என்று தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினிடமே சொன்னார். கோல்ட்வின் பிறப்பால் யூதர். படப்பிடிப்பை நிறுத்தினால் எவ்வளவு நட்டம் என்று கணக்குத் தெரிந்தவர். நிறுத்தினார். கறுப்பராகப் பிறந்து ஏற்கெனவே ஒரு வெறுப்பைச் சுமந்தவர், தானாகப் போய் இன்னொன்றையும் வாங்கிக்கொண்டார். ஊர் சிரித்தது, அவரே மேடையில் அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

நடிகை எலிசபெத் டெய்லர் 1959-ல் யூத மதத்துக்கு மாறினார். கணவர்களுக்காக மாறினார் என்றார்கள், அவர் இல்லையென்றார். மதமாற்றத்தையும் இஸ்ரேலுக்கு அவர் காட்டிய ஆதரவையும் காரணம் காட்டி எகிப்து அவரைத் தடைசெய்தது. கிளியோபாட்ராவாக நடிக்க ஒப்பந்தமானவர் கிளியோபாட்ராவின் நாட்டுக்குள் நுழைய முடியவில்லை. இவர்கள் இருவரும் மகான்கள் அல்லர். தினமும் சட்டப்படி வாழ்ந்தவர்களும் அல்லர். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தோடு பெயரைச் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு விழும் அடியில் தங்களுக்கும் பங்குண்டு என்று தெரிந்தே எழுதிக்கொண்டார்கள்.

கபாலா மையத்தின் நட்சத்திரங்களுக்கு அந்த நிபந்தனை வைக்கப்படவில்லை. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள், வேண்டாதபோது வைத்துவிட்டுப் போ. பிரிட்னி ஸ்பியர்ஸ் அதைத்தான் செய்தார். மடோனா வழியாக வந்தார், பிடரியில் எபிரேய எழுத்துகளைப் பச்சை குத்திக்கொண்டார், 2006-ல் இனிக் கபாலா படிக்கவில்லை, என் குழந்தைதான் என் மதம் என்று அறிவித்தார், பச்சையையும் நீக்கிக்கொண்டார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். விற்றவர்கள் அப்படித்தான் விற்றார்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது யெஹூதா அஷ்லாக்கின் கதி. பெர்க்கின் ஆசிரியருக்கு ஆசிரியர். 1920-களின் தொடக்கத்தில் வார்சாவிலிருந்து எருசலேமுக்கு வந்தவர். ஸோஹரை அராமியத்திலிருந்து எபிரேயத்துக்குக் கொண்டுவந்து உரை எழுதினார். கபாலா எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று பெர்க்குக்கு முன்பே சொன்னவர் அவர்தான். ஆனால் எதற்காகச் சொன்னார்? மனிதனின் அடிப்படை நோய் தனக்காகப் பெற்றுக்கொள்ளும் ஆசை. பிறருக்குக் கொடுக்கும் ஆசையாக அதை மாற்றுவதே கபாலாவின் வேலை என்பது அவர் போதனை. தனிமனிதனோடு அது நிற்காது, சமூகமே அப்படி மாற வேண்டும் என்றார். கபாலாவிலிருந்து நேரே பொதுவுடைமைக்கு நடந்துவந்த மனிதர். 1940-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார்; ஒரே இதழோடு பிரிட்டிஷ் நிர்வாகம் மூடிவிட்டது. இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியோன் அவரைச் சந்தித்ததை நினைவுகூர்ந்து, தான் கபாலா பேச விரும்பியதாகவும் அஷ்லாக் சோஷலிசம் பேச விரும்பியதாகவும் எழுதியிருக்கிறார். இந்த மனிதரின் கல்லறைக்கு 2004-ல் நள்ளிரவில் மடோனா வந்தார்; பின்னாலேயே புகைப்படக்காரர்கள் வந்தார்கள். கொடு என்ற போதனை, கொடுத்தால் உனக்கு இன்னும் கிடைக்கும் என்ற முதலீட்டு ஆலோசனையாக மாற இரண்டு தலைமுறை போதுமானதாக இருந்திருக்கிறது.

மாறியதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். நட்சத்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2005-ல் பி.பி.சி.யின் ஜான் ஸ்வீனி லண்டன் மையத்தைப் பற்றி ஒரு புலனாய்வு நிகழ்ச்சி செய்தார். புற்றுநோய் உள்ள ஒருவர் ரகசியமாக உள்ளே போனபோது, நோய்க்கு உதவும் என்று ஸோஹர் தொகுதிகளையும் தண்ணீரையும் நூற்றுக்கணக்கான பவுண்டுக்கு அவர் தலையில் கட்டினார்கள். மையத்தைச் சேர்ந்த ஒருவர் இன்னும் மேலே போனார். நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களைக் குறிப்பிட்டு, அவர்கள் கபாலாவைப் பயன்படுத்தாததால் ஒளி தடைபட்டது என்ற பொருளில் பேசினார். மறைஞானத்தைத் தொழில்நுட்பம் என்று ஆக்கினால் கடைசியில் அது வந்து நிற்கும் இடம் இதுதான். கருவி எப்போதும் வேலை செய்யும். வேலை செய்யாவிட்டால் பிழை உன்னுடையது. போலந்தின் சிற்றூர்களிலிருந்து ரயிலேற்றப்பட்டவர்களில் ஸோஹரை மனப்பாடமாகச் சொன்ன கிழவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

ஆப்பிரிக்காவின் மலாவி இன்னொன்று. மடோனாவும் பெர்க்கின் மகன் மைக்கேலும் சேர்ந்து 2006-ல் தொடங்கிய அறக்கட்டளை, தலைநகர் லிலாங்வேக்கு அருகே ஏறத்தாழ 400 மாணவியருக்கு ஒரு பள்ளி கட்டுவதாக அறிவித்தது. நிலத்திலிருந்து கிராமத்தார் அகற்றப்பட்டார்கள். 38 லட்சம் டாலர் செலவான பிறகு, 2011-ல் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி எழவில்லை. அதே ஆண்டு மையத்தின் நிதி விவகாரங்களை அமெரிக்க வருமானவரித் துறை விசாரிப்பதாகச் செய்தி வந்தது. நியாயமாகச் சொல்வதென்றால், மடோனா மலாவியை விட்டுவிடவில்லை. பிறகு அங்கே ஒரு குழந்தைகள் அறுவைசிகிச்சை மருத்துவமனையைக் கட்டிக்கொடுத்தார், அது இயங்குகிறது. மையத்தின் பெயரில் நடந்ததைவிட, அதிலிருந்து விலகி நடந்தது நன்றாக நடந்தது. 2013-ல் ஃபிலிப் பெர்க் காலமானார். முன்னாள் மாணவி ஒருவர் தொடுத்த உரிமையியல் வழக்கில் 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நடுவர் குழு யெஹூதா பெர்க்குக்கும் மையத்துக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது.

இவ்வளவுக்கும் பிறகு, அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்த சாதாரண மனிதர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் நிறையப் பேர் யூதர்கள்தான். புறநகர்த் தொழுகைக் கூடத்தில் வருடத்துக்கு இரண்டு முறை போய்க் கொட்டாவி விட்டவர்கள். தங்கள் மரபுக்குள் இப்படி ஒரு நெருப்பு இருக்கிறது என்று ரபியும் சொல்லவில்லை, பெற்றோரும் சொல்லவில்லை. 19-ம் நூற்றாண்டில் பகுத்தறிவு யூத அறிஞர்கள் கபாலாவை வெட்கக்கேடாக நினைத்து மூலையில் போட்டதன் விளைவு அது. பெண்களின் நிலை இன்னும் மோசம். கேரன் பெர்க், பெண்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்று கணவரை வற்புறுத்தினார். மையத்தின் வெற்றியில் பாதிக்கு மேல் அந்த ஒரு முடிவால் வந்தது என்பது என் ஊகம். கதவை அடைத்து வைத்திருந்தவர்கள், திருட்டுச் சாவி போட்டவரைத் திட்டும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

2005-ல் மடோனாவின் 'ஐசக்' பாடல் கிளப்பிய சச்சரவில் இந்தச் சிக்கல் முழுதும் இருக்கிறது. அது இடம்பெற்ற இசைத்தொகுப்பு வெளிவரும் முன்பே, லூரியாவின் பெயரை விற்கிறாள் என்று சஃபதில் லூரியாவின் நினைவைப் பேணும் ரபிகள் கொதித்தார்கள். பாடலில் லூரியாவே இல்லை. ஐசக் என்பது அதில் கூடப் பாடிய இட்ஸாக் சின்வானியின் பெயர், லண்டன் மையத்தைச் சேர்ந்தவர் என்று மடோனா பதில் சொன்னார். சின்வானி பாடுவது 17-ம் நூற்றாண்டு யேமன் யூதக் கவிஞர் ஷாலோம் ஷபாஸியின் பாடலை ஒட்டியது. நெசவாளர் என்று நினைவுகூரப்படும் கவிஞர். மன்னிக்க வேண்டும், பாடல் எனக்குப் பிடிக்கும். மடோனாவின் குரல் அதில் விருந்தாளியாகத்தான் நிற்கிறது; சின்வானியின் குரல் வரும்போது அது ஒதுங்கி வழிவிடுகிறது. அவர் கபாலாவோடு நடத்திய நீண்ட வர்த்தகத்தில் கைமாறாகக் கொடுத்த ஒன்று உண்டென்றால், யேமன் யூதப் பாட்டைக் கேட்டேயிராத லட்சக்கணக்கான காதுகளுக்கு அதைக் கொண்டுபோனதுதான். ரபிகள் கண்டித்தது இதையேதான்.

கெர்ஷோம் ஷோலெம் 1923-ல் எருசலேமுக்கு வந்த புதிதில், பழைய மரபில் வாழ்ந்த கபாலா ஞானி ஒருவரைத் தேடிப் போனார். கற்றுத்தருகிறேன், ஒரு நிபந்தனை, கேள்வி கேட்கக் கூடாது என்றார் ஞானி. யோசித்துப் பார்த்த ஷோலெம், என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். கொடுக்க முடியாத விலை என்று தெரிந்ததும், கொடுத்ததாகப் பாவனை செய்யவில்லை. ஞானியாகும் வழியை விட்டுவிட்டுச் சுவடிகளின் பக்கம் போனார். அறுபது ஆண்டுகள் உழைத்து, கபாலா ஆய்வு என்ற துறையையே உண்டாக்கினார்.

சிவப்புக் கயிறு உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த 2003-ன் இறுதியில், ஸோஹரின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பின் முதல் இரண்டு தொகுதிகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. டேனியல் மாட் என்ற அறிஞர் சுவடிகளை ஒப்பிட்டு அராமிய மூலத்தை முதலில் செப்பம் செய்து, பிறகு வரிக்கு வரி மொழிபெயர்த்தார். பக்கத்தில் பாதிக்கு மேல் அடிக்குறிப்பு. சிகாகோவின் பிரிட்ஸ்கர் குடும்பம் செலவை ஏற்றது. ஒன்பது தொகுதிகளை முடிக்க அவருக்கு 18 ஆண்டுகள் ஆயின. மற்ற மூன்றை வேறு இருவர் முடித்தார்கள். பன்னிரண்டாவது தொகுதி 2017-ல் வந்தது. வாசகர் நாற்பது வயதானவரா, மணமானவரா, யூதரா என்று பதிப்பகம் கேட்பதில்லை. வரிகளை மட்டும் வாசித்தே ஆக வேண்டும்.